காப்பு கட்டின ஊட்டுல மிட்டாய்

அத்தியாயம் 9

"நான் ஒண்ணும் அவளக் கெட்டவன்னு சொல்லலடா. அவளுக்கு நம்ம ஊர் மொறை தெரியாதுங்கறேன். அது தப்பா?"

"மெதுவாப் பேசுக்கா. வெளிய துணி காயப் போட்டுட்டு இருக்கறா."

"கேட்டாக் கேக்கட்டும். ஊர்க் கோயில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாச்சு. புள்ள கைல காப்பு கட்டியாச்சு. இன்னும் பத்து நாளைக்கு அது சுத்தபத்தமா இருக்கோணும். உன்ற பொண்டாட்டி விடிஞ்சா கம்பெனிக்குப் போயிருவா. யாரு பாக்கறது? நான் கூட்டிட்டுப் போயி என்ற ஊட்ல வெச்சுக்கறேன்."

"நித்யா அவங்கம்மாவ உட்டுட்டு இருக்காதுக்கா."

"அது இருக்காதா, இல்ல நீ அனுப்ப மாட்டியா?"

கொடியில போடறதுக்காக உதறின சட்டை விஜயராணி கைல அப்படியே நின்னுபோச்சு. ஜன்னல் தொறந்துதான் இருந்துது. உள்ள பேசறது நாத்தனார் சாரதாமணி. அவகிட்ட மாட்டிக்கிட்டது புருசன் சதீஷ்குமார்.

புதுசாப் படிக்கறவங்களுக்காக ரெண்டு வரி சொல்லிர்றேன். விஜயராணி பாம்பன் பக்கத்துப் பொண்ணு. பத்தொம்பது வயசுல திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவ, அங்க கட்டிங் செக்ஷன்ல இருந்த சதீஷக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. சதீஷ் வெள்ளகோவில் பக்கத்துக்காரன், காடு தோட்டம் இருக்கற குடும்பம். பத்து வருசமா அந்த ஊர்க் கோயில் காரியம் எதுலயும் இவளையும் சேத்துக்கல, மக நித்யஸ்ரீயையும் சேத்துக்கல. இந்த வருசம்தான் சாரதாமணி பங்காளிக முன்னாடி எந்திரிச்சு நின்னு, "எந்தம்பி புள்ள தீர்த்தக்குடம் எடுக்கட்டும், அதுக்கு நான் பொறுப்பு"ன்னு சொன்னா. போன செவ்வாய்க்கெழம நித்யா கைல மஞ்சத் துணி ஏறுச்சு.

அதனால சாரதாமணி மேல விஜயராணிக்குக் கோவம் வரல. ஆனா புள்ளைய அனுப்பறதா இல்ல.

காலி பக்கெட்டோட உள்ள வந்தா. யாரையும் பாக்கல. டிவி மேல இருந்த போனை எடுத்து, ஸ்பீக்கர்ல போட்டா.

"கந்தவேல் அண்ணா, நான் செக்கிங் விஜயராணி பேசறேன். எனக்குப் பத்து நாள் லீவு வேணும்ணா."

சூப்பர்வைசர் அலறுனது தெருவுக்கே கேட்டிருக்கும். "பத்து நாளா! வெள்ளிக்கெழம ஷிப்மென்ட் இருக்குதும்மா!"

"தெரியும்ணா. ஆனா வரமாட்டேன். மக காப்பு கட்டியிருக்கா."

போனை வெச்சுட்டு நாத்தனார் பக்கம் திரும்புனா. "அண்ணி, புள்ள என்கிட்டயே இருக்கட்டுங்க. நீங்க என்னென்ன செய்யக்கூடாதுன்னு சொல்லுங்க. எதுவும் செய்ய மாட்டேன்."

சாரதாமணி அவள மேலயும் கீழயும் பாத்தா. அப்பறம் வெரல் மடக்க ஆரம்பிச்சா. "கறி, மீனு, முட்டை கூடாது. எண்ணெச் சட்டி வெக்கக்கூடாது. தாளிக்கக்கூடாது. முறுக்கு, வடைன்னு அடுப்புல ஒண்ணும் சுடக்கூடாது. கேக்கறதுக்குச் சுலபமா இருக்கும். லீவுல புள்ளைகள வெச்சுட்டு இருந்து பாரு, தெரியும்."

"பாத்துக்கறேன் அண்ணி."

"செரி. நான் இன்னைக்கு ஊருக்குப் போயி கோயில் வேலை பாத்துட்டு வாறேன். தரணி இங்கயே இருக்கட்டும். சாயங்காலம் வந்து கூட்டிக்கறேன்." போறப்ப வாசல்ல நின்னு, "ரெண்டு புள்ளைகளையும் ஒரு நாள் சமாளி மொதல்ல" அப்படின்னா.

தரணி சாரதாமணியோட மக. எட்டு வயசு. வாய் எண்பது வயசு.

பதினோரு மணி வரைக்கும் ஒண்ணும் பிரச்சன இல்ல. அப்பறம் ஆரம்பிச்சுது.

"அத்தை, பசிக்குது."

"இப்பத்தான கண்ணு இட்லி சாப்பிட்ட?"

"அது சோத்துப் பசி. இது தீனிப் பசி."

நித்யாவும் சேந்துக்கிட்டா. "அம்மா, வெறும் பொரிகடலை எத்தன நாளைக்கும்மா? பப்ஸ் கூடாது, கேக்குல முட்டை, சிப்ஸ் எண்ணெய்ல பொரிச்சது..."

"கடைல தொங்குமே, அந்தக் கரடி மிட்டாய்?" தரணி கண்ணு பெருசாச்சு. "கடிச்சா ரப்பர் மாதிரி இழுக்குமே, அது!"

விஜயராணி யோசிச்சா. அடுப்புல பொரிக்க வேண்டாம், தாளிக்க வேண்டாம். சாறு, சர்க்கரை, உறைய வைக்க ஒரு பொடி. அவ்வளவுதான். அந்தப் பொடிகூட ஊட்ல இருந்துது. கம்பெனில பக்கத்து டேபிள் அபிராமி, மகன் பொறந்தநாளுக்கு வாங்கி மிச்சமானதுன்னு போன மாசம் குடுத்த பாக்கெட்டு. மேல்பக்கம் மடிச்சு ரப்பர் பேண்டு போட்டு டப்பாக்குள்ள கெடந்துது. 'ஜெலட்டின்'னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துது. உறைய வைக்கற பொடின்னா அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்.

"கடையெதுக்கு? நாமளே செய்யலாம். இது என்னன்னு தெரியுமா ரெண்டு பேருக்கும்? கடல்பாசி. எங்க ஊர்க் கடல்ல வளர்றது. எங்கம்மா கையில துணியச் சுத்திக்கிட்டு, தண்ணிக்குள்ள முங்கி முங்கி எடுப்பாங்க. அதக் காயவெச்சு, காய்ச்சித்தான் இந்தப் பொடி பண்றாங்க."

சொல்லும்போது அவளுக்கே ஒரு பெருமை. பத்து வருசத்துல அவ ஊர்ச் சங்கதி ஒண்ணு இந்த ஊட்டுக்கு உதவறது இதுதான் மொத தடவ.

வேலை ஆரம்பிச்சுது. நித்யா மாதுளம்பழத்தத் தட்டித் தட்டி முத்து உதுத்தா. தரணி சாத்துக்குடியப் பிழியறேன்னு பாதியத் தரைக்குக் குடுத்தா. அச்சுக்கு என்ன பண்றதுன்னு தேடுனப்ப, பக்கத்துத் தெரு பட்டறைல சொல்லிச் செஞ்ச குட்டி இட்லித் தட்டு ரெண்டு கெடைச்சுது. ஒவ்வொண்ணுலயும் பதினெட்டுக் குழி.

"குழில ஒரு சொட்டு எண்ணெய் தடவோணும், இல்லாட்டி ஒட்டிக்கும்" அப்படின்னா விஜயராணி.

தரணி ரெண்டு கையையும் இடுப்புல வெச்சா. "எண்ணெ கூடாதுன்னு எங்கம்மா சொன்னாங்கல்ல?"

"எண்ணெச் சட்டி வெக்கக்கூடாதுன்னுதான சொன்னாங்க? இது தடவறது."

"எதுக்கும் கேட்டுக்கலாம்" அப்படின்னா தரணி, அவங்கம்மா மாதிரியே.

விஜயராணி சிரிச்சுட்டு எண்ணெய்க்குப் பதிலா குழிய ஈரத்துணியால தொடச்சா. சந்தேகமே வேண்டாம்.

சுட வெச்ச சாறுல பொடியத் தூவுனா கட்டி கட்டியா நின்னுச்சு. டீ வடிகட்டில வடிகட்டுனா. பொடி கரையும்போது ஒரு வாடை வந்துது.

"அத்தை, என்னமோ நாத்தம் அடிக்குது."

"கடல் வாடைடா கண்ணு. கடல்ல இருந்து வந்தது வேற எப்படி இருக்கும்?"

நித்யா கைக்கொழந்தையா இருந்தப்ப மருந்து ஊத்தின பாலாடை இன்னும் இருந்துது. அதுல மொண்டு, ஒவ்வொரு குழியா சிந்தாம ஊத்துனாங்க. செவப்பு ஒரு தட்டு, மஞ்ச ஒரு தட்டு.

அர மணி நேரம் ஆச்சு. உறையல.

விஜயராணிக்கு ஒரு மாதிரி இருந்துது. அவ ஊர்ல கடல்பாசியக் காய்ச்சித் தட்டுல ஊத்தி வெச்சா, பேசிட்டு இருக்கும்போதே உறைஞ்சிரும். ஃபிரிட்ஜே வேண்டாம். இது தண்ணியாவே நிக்குது. திருப்பூர் வெயிலுக்கு அப்படித்தான் போலன்னு நெனச்சுக்கிட்டு, ரெண்டு தட்டையும் ஃபிரிட்ஜுக்குள்ள வெச்சா.

ஒரு மணிக்கு நாத்தனார் போன் பண்ணுனா. "என்ன பண்ணுதுக?"

"மிட்டாய் செய்யறோங்க அண்ணி. அடுப்புல ஒண்ணும் சுடல. கடல்பாசில."

"கடல்பாசின்னா? மீன் சமாச்சாரமா?"

"ஐயோ இல்லீங்க. செடி மாதிரிங்க. எங்கம்மாவே பறிச்சிருக்காங்க."

"செடிதான?"

"செடிதாங்க அண்ணி."

"அப்பச் செரி."

ரெண்டு மணிக்கு மேல ஃபிரிட்ஜத் தொறந்து பாத்தா, நல்லா கெட்டியாகி மினுமினுன்னு இருந்துது. ஸ்பூன் நுனியால நெம்பி எடுத்து, தட்டுல சர்க்கரையப் பரப்பி உருட்டுனாங்க.

"இப்ப செக்கிங்" அப்படின்னா விஜயராணி. கம்பெனில செய்யற மாதிரி மூணு கிண்ணம் வெச்சா. நல்லா வந்தது ஓகே. ஓரத்துல பிசிறு இருந்தா ஆல்ட்ரேசன். பிஞ்சு போனது ரிஜெக்ட்.

"ரிஜெக்ட் ஆனத என்ன பண்றது?"

"செக்கிங் பண்றவங்களே தின்னலாம்."

அதுக்கப்பறம் தரணி கைல எடுத்ததெல்லாம் ரிஜெக்ட். நல்லா உருண்டையா இருந்தத வெளிச்சத்துல தூக்கிப் பாத்து, "இதுல ஒரு ஓட்டை இருக்குதுங்க மேடம்"ன்னு வாயில போட்டுக்கிட்டா. நித்யா காப்புக் கைய ஒட்டாமத் தூக்கிப் புடிச்சுட்டு, மறுகைல சாப்பிட்டா. விஜயராணி இவ்வளவு சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

நாலு மணி இருக்கும். புள்ளைக டிவி முன்னாடி ஒக்காந்துதுக. நாத்தனார் கேட்டா அளவு சொல்லோணுமேன்னு விஜயராணி அந்தப் பாக்கெட்ட எடுத்து ரப்பர் பேண்டக் கழட்டுனா. மடிப்ப நீவி விட்டா.

மடிப்புக்குள்ள இருந்துது அது. சின்னக் கட்டம். கட்டத்துக்குள்ள பழுப்புக் கலர்ல முக்கோணம்.

பச்சைப் புள்ளி இல்ல.

ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ் லேபிள் பாக்கறவ அவ. எத்தன பர்சன்ட் காட்டன், எந்தச் சூட்டுல தொவைக்கோணும், எல்லாம் கண்ண மூடிட்டுச் சொல்லுவா. தன் ஊட்டுப் பாக்கெட்ட விரிச்சுப் பாக்கல. எங்க ஊர்ப் பொருள்தானங்கற நெனப்புல பாக்கத் தோணல.

கவர மடிச்சுக் கைல வெச்சுக்கிட்டா. லீவுன்னு ஊட்லயே இருந்த புருசனக் கூப்பிட்டு, அடுப்படிக் கதவச் சாத்துனா. சதீஷ் போன்ல தேடிப் பாத்தான். மூஞ்சி மாறிருச்சு.

"கடல்பாசி வேற, இது வேறயாமா. இது எலும்பு, தோலு எல்லாம் காய்ச்சி எடுக்கறது."

"என்ன எலும்பு?"

"அதக் கேக்காத."

மத்த நாள்னா இந்த ஊட்ல இது ஒரு பேச்சே இல்ல. ஞாயித்துக்கெழம ஆனா கறி எடுக்காம இருக்க மாட்டாங்க. ஆனா இது சாட்டு நாள், திருவிழா அறிவிச்சு ஊரே விரதம் இருக்கற நாள். புள்ள கைல காப்பு.

சதீஷ் கொரலத் தாழ்த்துனான். "உடு. யாருக்குத் தெரியும்? மிச்சத்த நாய்க்குப் போட்டுரு. கவரப் பத்த வெச்சுரு. புள்ளைக தெரியாமத் தின்னுச்சு, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"அண்ணிகிட்ட நான் செடின்னு சொல்லியிருக்கேன்."

"அதான் சொல்றேன்! நீ இப்பப் போயி மாத்திச் சொன்னா, அக்கா இன்னைக்கே நித்யாவக் கூட்டிட்டுப் போயிரும். அதுக்கப்பறம் ஊர்க் கோயில் பக்கம் உன்னைய எவனும் உட மாட்டான். பத்து வருசம் காத்திருந்து கெடைச்சது. யோசி."

விஜயராணி யோசிச்சா. கவரு கைலயே இருந்துது. தீப்பெட்டி அடுப்பு மேலயே இருந்துது.

போன வருசம் ஒரு ஆர்டர்ல, பீஸெல்லாம் கார்ட்டன்ல போட்டு டேப் ஒட்டினதுக்கப்பறம், சைஸ் லேபிள் மாறியிருக்கறத அவதான் கண்டுபுடிச்சா. வாய மூடிட்டுப் போயிருக்கலாம். நாப்பது பொட்டியப் பிரிக்க வெச்சா. மூணு நாள் எல்லாரும் அவளத் திட்டுனாங்க. தப்புன்னு தெரிஞ்ச ஒரு பீஸைக்கூட அவ வெளிய உட்டதில்ல.

"பத்த வெக்க மாட்டேன்" அப்படின்னா.

"ராணி..."

"மாட்டேன்னு சொன்னேன்ல."

ஆறு மணிக்கு வாசல்ல செருப்புச் சத்தம். விஜயராணி முந்தானைல கையத் தொடச்சுட்டு வெளிய வர்றதுக்குள்ள, தரணி 'ஓகே' கிண்ணத்தத் தூக்கிட்டு ஓடிட்டா.

"அம்மா! நாங்களே செஞ்சது! வாயத் தொற, வாயத் தொற!"

"இருடி, கை கழுவிட்டு வாறேன்."

"அதெல்லாம் வேண்டாம், நான் ஊட்டறேன்!"

சாரதாமணி சிரிச்சுட்டே செவப்புல ஒண்ண எடுத்தா. "பரவால்லயே, கண்ணாடிக் குண்டு மாதிரி..."

விஜயராணி போயி அவ கையப் புடிச்சா. இத்தன வருசத்துல நாத்தனார் கைய அவ தொட்டதே இல்ல.

"சாப்பிடாதீங்க அண்ணி."

"ஏன்?"

"இது கடல்பாசி இல்லீங்க. நான் தப்பா நெனச்சுட்டேன். இது எலும்புல செய்யற பொடி. நாலு மணிக்குத்தான் பாத்தேன். புள்ளைக ரெண்டும் தின்னுருச்சுங்க."

டிவி இன்னும் ஓடிட்டு இருந்துது. சதீஷ் அத அணைச்சான்.

சாரதாமணி மிட்டாயக் கிண்ணத்துலயே போட்டா. "கவரக் கொண்டா." கண்ணாடி இல்லாததால கண்ணுக்குத் தள்ளிப் புடிச்சுப் பாத்தா. தெரியல. நித்யாகிட்ட நீட்டுனா. "என்ன போட்டிருக்குதுன்னு படி கண்ணு."

நித்யா பாத்தா. "இந்த முக்கோணம் நான்வெஜ் மார்க்கு அத்தை. ஸ்கூல்ல சொல்லிக் குடுத்திருக்காங்க..." சொல்லிட்டே வந்தவ நிறுத்திட்டா. தன் கைல இருந்த மஞ்சத் துணியப் பாத்தா. அத மறுகையால மூடிக்கிட்டா.

"எத்தன தின்ன?"

"ஏழு."

"நான் ஒம்பது" அப்படின்னா தரணி. "ஆனா எனக்குக் காப்பு இல்ல."

"நீ கம்முனு இரு."

சாரதாமணி விஜயராணி பக்கம் திரும்புனா. "நீ சொல்லீருக்காட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதுங்க."

"பின்ன ஏன் சொன்ன?"

"உங்க பேர வெச்சுத்தான புள்ளைக்குக் காப்பு கட்டுனாங்க. உங்களுக்கே தெரியாம நான் எப்படிங்க மறைக்கறது?"

சாரதாமணி திரும்புனா. தம்பியப் பாத்தா. "நீ என்னடா சொன்ன? மூடி மறைச்சரலாம்னியா?"

சதீஷ் தரையப் பாத்தான்.

"எனக்குத் தெரியும்டா உன்னய. சின்ன வயசுல உண்டியல ஒடச்சுட்டு எலி ஒடச்சுதுன்னு சொன்னவன்தான நீ."

யாரும் சிரிக்கல. சாரதாமணி நாற்காலிய இழுத்து ஒக்காந்தா. நித்யா மெதுவா அவங்கம்மா பின்னாடி வந்து நின்னுக்கிட்டா.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஊருக்குக் கெளம்போணும்" அப்படின்னா சாரதாமணி. "கோயில்ல பூசாரி இருப்பாரு, பங்காளிக இருப்பாங்க. நீயும் புள்ளையும் வாங்க. என்ன நடந்துதுன்னு நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

"சொல்றேங்க."

"கண்ணு கலங்கிட்டு நிக்கக்கூடாது. பூசி மொழுகக்கூடாது. இப்ப என்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லோணும்."

"காப்ப அவுக்கச் சொல்லிட்டாங்கன்னா அத்தை?" நித்யா கொரல் சன்னமா வந்துது.

சாரதாமணி எந்திரிச்சா. கிண்ணத்த எடுத்து, அதுல இருந்ததெல்லாம் ஒரு பேப்பர்ல கொட்டி மடிச்சா. அப்பறம் கேட்டா: "அந்தக் கடல்பாசி... அது நெஜமாலுமே செடிதான?"

"சத்தியமா செடிதாங்க."

"இங்க கெடைக்குமா?"

"நாட்டு மருந்துக் கடைல கெடைக்குங்க."

"டேய், வண்டிய எடு. வாங்கிட்டு வா. பச்சைப் புள்ளி பாத்து வாங்கிட்டு வா."

சதீஷ் வண்டியெடுத்த வேகத்தப் பாக்கோணுமே!

அவன் வாங்கிட்டு வந்த பாக்கெட்ட நித்யா மூணு தடவ படிச்சா. முன்பக்கம், பின்பக்கம், மடிப்பப் பிரிச்சு உள்பக்கம். சாரதாமணி அடுப்படி நெலைப்படில சாஞ்சு நின்னு பாத்தா. தம்பி கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ இந்த அடுப்படிக்கு வந்தது இல்ல. பழைய தட்டு வேண்டாம்னு, எவர்சில்வர் தாம்பாளம் ஒண்ண அவளே நல்லா வெளக்கிக் குடுத்தா.

இந்தத் தடவ வாடை இல்ல. ஊத்தி வெச்சு, புள்ளைக கை கழுவிட்டு வர்றதுக்குள்ள, அந்தப் புழுக்கத்துலயே, ஃபிரிட்ஜ் இல்லாம உறைஞ்சுது. விஜயராணி வெரலால தொட்டுப் பாத்தா. இதுதான். இது அவளுக்குத் தெரிஞ்சது.

கத்தியால கட்டம் கட்டமா வெட்டுனாங்க. தரணி ரெண்ட ஒரே வாயில போட்டுக்கிட்டு, "இது ரப்பர் மாதிரி இழுக்கல, ஆனா நல்லாருக்குது" அப்படின்னா. சாரதாமணி ஒண்ண எடுத்து வாயில போட்டா. மென்னா. இன்னொண்ணு எடுத்துக்கிட்டா.

நித்யா மட்டும் தொடல.

"சாப்பிடு கண்ணு. இதுல ஒண்ணும் இல்ல" அப்படின்னா விஜயராணி.

"நாளைக்குச் சொல்லிட்டு வந்து சாப்பிட்டுக்கறேன்மா." நித்யா ஒரு டிபன் டப்பா எடுத்து, ஓகே ஆனதா பாத்துப் பாத்து அடுக்குனா. மூடிய அழுத்தி மூடுனா. "இத எடுத்துட்டுப் போலாம். கடல்பாசின்னா என்னன்னு அவங்க கேட்டாக் காட்டலாம்."

விஜயராணி அந்த டப்பாவையும், முக்கோணம் போட்ட பழைய கவரையும், ரெண்டையும் ஒரே பையில வெச்சா. பைய வாசக்கதவு ஆணியில மாட்டுனா. காலைல ஆறு மணிக்கு அத மறக்காம எடுக்கோணும்.

இந்த எடத்துல உங்ககிட்ட ஒண்ணு கேக்கறேங்க, சும்மா ஒப்புக்குக் கேக்கல. அந்தக் கோயில் முன்னாடி, அத்தன பங்காளிக நடுவுல விஜயராணி மொத வார்த்தையா என்ன சொல்லோணும்? உங்க ஊர்ல சாட்டு நாள்ல ஒரு புள்ள தெரியாம இப்படித் தின்னுருந்தா காப்ப அவுப்பாங்களா, இல்ல மஞ்சத்தண்ணி ஊத்தி மறுபடி கட்டுவாங்களா? உங்க ஊட்ல நடந்தது ஏதாச்சும் இருந்தா, அதையும் சேத்து, ஊர்ப் பேரு போட்டு எனக்கு எழுதுங்க. நித்யா பதிலுக்குக் காத்துட்டு இருக்கறா.